மேடை ஏறினால் நா வறள்கிறது: 44 வயதில் பேச்சுப் பழக முடியுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, எனக்கு வயது 44. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 18 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டியில், மனப்பாடம் செய்திருந்ததை மூன்றாவது வாக்கியத்திலேயே மறந்துபோய் நின்றேன். யாரோ சிரித்தார்கள், பாதியில் இறங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து மேடை என்றாலே ஒதுங்கிவிடுவேன். சென்ற ஆண்டு எங்கள் பிரிவின் ஆண்டறிக்கையை நான் பேச வேண்டியிருந்த நாளில், காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். நான் தயாரித்த அறிக்கையை என்னைவிடப் பத்து வயது இளையவர் பேசிப் பாராட்டு வாங்கினார். இந்த ஆண்டு பிரிவின் பொறுப்பே என்னிடம் வந்துவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் சுமார் 70 பேர் முன்னிலையில் 12 நிமிடம் பேச வேண்டும். நினைத்தாலே நா வறள்கிறது, கை நடுங்குகிறது, குரல் கம்முகிறது. உட்கார்ந்து பேசுவதில் எனக்குத் தொல்லை இல்லை. புதிதாக வேலையில் சேரும் நாலைந்து பேருக்கு விலைப்புள்ளிகளை எப்படி ஒப்பிடுவது என்று நான்தான் சொல்லித் தருகிறேன். அடுத்த வாரம்கூட ஒரு குழு வருகிறது. ஆனால் அது பேச்சு அல்லவே. இது பிறவிச் சுபாவமா? இந்த வயதில் இனி மாறுமா? மேடை ஏறுமுன் போட்டுக்கொள்ள மாத்திரை இருக்கிறது என்கிறார்கள், போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுச் சென்ற ஒரு வரிதான். புதியவர்களுக்கு விலைப்புள்ளி ஒப்பிடச் சொல்லித் தருவதாகவும், ஆனால் அது பேச்சு அல்ல என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பேச்சுதான். நாலைந்து பேருக்குத் தெரியாத ஒன்றை வரிசைப்படுத்தி, அவர்கள் முகம் பார்த்து, புரியாத இடத்தில் திரும்பச் சொல்லி, நேரத்திற்குள் முடிக்கிறீர்கள். நல்ல பேச்சுக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியாது. அங்கே உங்கள் நா வறளாமல் இருப்பதற்குக் கூட்டம் சிறியது என்பது மட்டும் காரணம் அன்று. அந்த அரை மணி நேரமும் உங்கள் கவனம் ‘இவருக்குப் புரிந்ததா’ என்பதில் இருக்கிறது. ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்ற கேள்வி உங்களுக்கு எழுவதே இல்லை. மேடை என்றவுடன் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. அவற்றை மறுபடியும் இடம் மாற்றுவதுதான் இந்த ஆறு வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. தைரியத்தை எங்கிருந்தோ வரவழைப்பது அன்று.

பிறவிச் சுபாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூச்ச சுபாவத்தில் பிறவிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பலர் முன்னால் பேசும்போது உடல் பதறுவது கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது அன்று. மன அழுத்தத்தை ஆராய்பவர்கள், ஆரோக்கியமானவர்களின் உடலில் அழுத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க ஒரு சோதனையைக் கையாள்கிறார்கள். ஜெர்மனியின் டிரையர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியிடப்பட்ட அந்தச் சோதனையில், கலந்துகொள்பவருக்குத் தயாராகச் சில நிமிடங்கள் கொடுத்து, ஒரு குழுவின் முன் 5 நிமிடம் பேசச் சொல்வார்கள். பிறகு 5 நிமிடம் 1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு இதயத் துடிப்பு ஏறுகிறது, கார்ட்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பு கூடுகிறது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இன்றும் இதைப் பயன்படுத்துவதற்குக் காரணம், மனிதரைப் பதற வைக்க இதைவிட நம்பகமான வழி எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான்.

அந்தச் சோதனையில் உங்களுக்குப் பயன்படும் நுணுக்கம் ஒன்று உண்டு. எதிரே அமர்ந்திருக்கும் குழுவினர் தலையசைக்கவோ புன்னகைக்கவோ கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள். யாரும் திட்டுவதில்லை, கேலி செய்வதில்லை. சலனமில்லாத முகங்களைப் பார்த்துப் பேச வேண்டியிருப்பதே அழுத்தத்தின் ஒரு பெரும் பகுதியாகிறது. இப்போது ஒரு கூட்டத்தில் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புருவம் சற்றே சுருங்கி, உதடு மூடி, ஏறக்குறைய அந்தக் குழுவினரைப் போலத்தான் இருக்கும். அந்த முகத்தை மேடையிலிருந்து பார்ப்பவர் ‘இவருக்குப் பிடிக்கவில்லை’ என்று பொருள் கொள்கிறார். உண்மையில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வயதைப் பொறுத்தவரை ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் திரும்பிய காந்தி, பம்பாயில் சிறு வழக்கு மன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தபோது தலை சுற்றி, கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றாமல், வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் பிற்காலத்தில் பெரும் சொற்பொழிவாளராக மாறிவிட்டார் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அப்படி மாறவும் இல்லை. தணிந்த குரலில், அலங்காரம் இல்லாமல், சுருக்கமாகவே கடைசி வரை பேசினார். நீங்களும் முழங்க வேண்டியதில்லை. கொள்முதல் பிரிவின் அறிக்கைக்கு முழக்கம் பொருந்தவும் பொருந்தாது.

இனி அச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் முப்பது ஆண்டுக் கதை அதில்தான் சிக்கியிருக்கிறது. மேடை அச்சம் ஒரே அளவில் நீடிப்பது இல்லை. பேசுவதற்கு முந்திய நிமிடங்களில் ஏறி, பேசத் தொடங்கும் முதல் நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் பெரும்பாலோருக்குத் தானாகவே இறங்கத் தொடங்குகிறது. ரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. எட்டாம் வகுப்பில் நீங்கள் இறங்கி வந்தது அந்த உச்சத்தில். சென்ற ஆண்டு காய்ச்சல் என்று சொன்னது, உச்சம் வருவதற்கும் முன்னால். ஆகவே, ஏறிய அச்சம் இறங்குவதை நீங்கள் மேடையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. விடுப்பு கிடைத்தவுடன் உங்களுக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதுதான் மிகவும் விலை உயர்ந்தது. ‘தப்பித்ததனால் பிழைத்தாய்’ என்று அது மனத்திற்குக் கற்பித்துவிட்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சுடும் பாத்திரத்திலிருந்து கையை எடுப்பது போன்ற இயல்பான செயல்தான். ஆனால் பாத்திரம் ஆறிவிடும் என்பதைத் தெரிந்துகொள்ள, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

தமிழில் ‘அவையஞ்சாமை’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. திருக்குறளின் 73ஆம் அதிகாரத்திற்கு அதுவே தலைப்பு. அதற்கு முந்திய 72ஆம் அதிகாரத்தின் தலைப்பு ‘அவையறிதல்’. இந்த வரிசையை நான் தற்செயலாகக் கருதுவதில்லை. எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று அறிவது முதலில். அஞ்சாமை அதன் பிறகு. நம்மில் பலர் அதிகாரத்தை மாற்றி வைத்துக்கொண்டு, முதலில் அச்சம் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருக்கிறோம். ‘எதிரே இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்’ என்று ஒரு அறிவுரையை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அது அவையை அறியவிடாமல் செய்கிறது. அதோடு, நிதிப் பிரிவின் தலைவர் ஒன்றும் தெரியாதவர் அல்லர் என்பது உங்கள் மனத்திற்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே தயாரிப்பை அறிக்கையிலிருந்து தொடங்காமல் ஆட்களிலிருந்து தொடங்குங்கள். வரப்போகும் 70 பேரில் உங்களுக்கு நன்கு தெரிந்த மூன்று பேரை, வெவ்வேறு பிரிவுகளிலிருந்து, தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அவர்கள் பெயரை எழுதி, ஒவ்வொருவரும் உங்கள் பிரிவைப் பற்றி வழக்கமாகக் குறைப்படுவது என்ன என்று அவர் பேசும் விதத்திலேயே எழுதுங்கள். உற்பத்திப் பிரிவுக்காரர் ‘ஓர் உதிரிபாகம் கேட்டால் வந்து சேர ஏன் நாற்பது நாள் ஆகிறது’ என்பார். நிதிப் பிரிவுக்காரர் ‘குறைந்த விலை கொடுத்தவரை விட்டுவிட்டு இரண்டாமவருக்கு ஏன் கொடுத்தீர்கள்’ என்பார். இன்னொருவர், போன ஆண்டைவிட இந்த ஆண்டு என்ன மாறியது என்று மட்டும் கேட்பார். உங்கள் 12 நிமிடம் இந்த மூன்று கேள்விகளுக்கான விடை. ஒன்றுக்கு மூன்று, மூன்றரை நிமிடம், தொடக்கமும் முடிவும் மீதி. மேடையில் நின்று அந்த மூவரையும் மாறி மாறிப் பார்த்து விடை சொல்லுங்கள். மற்ற 67 பேரும், உங்களைப் பொறுத்தவரை, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். மனப்பாடம் செய்த உரையில் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. ஒன்று நழுவினால் பின்னால் வரும் அத்தனையும் நின்றுவிடும். பதின்மூன்று வயதில் உங்களுக்கு நடந்தது இதுதான். அன்று தோற்றது தயாரித்த முறை. பேசும் திறன் அன்று சோதிக்கப்படவே இல்லை. இப்போது முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி ஒரு வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஏன் என்றால், அச்சம் உச்சத்தில் இருக்கும் அந்த அரை நிமிடத்தில் யோசித்துப் பேச யாராலும் எளிதில் முடியாது. வாய் பழகியதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடல் சற்று நிதானத்திற்கு வந்துவிடும். கடைசி வாக்கியம் ஏன் என்றால், அது இல்லாதவர்கள் முடிக்கத் தெரியாமல் ‘அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்’ என்று முனகிவிட்டு இறங்குவார்கள். நடுவே உள்ளதை ஒவ்வொரு ஒத்திகையிலும் வேறு வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். ஒரே இடத்திற்குப் போக நாலு வழி தெரிந்தவர் ஒரு வழி அடைபட்டால் திகைப்பதில்லை.

அப்படியும் நடுவில் வெறுமையாகிவிட்டால்? ஆகும், எனக்கு இன்றும் ஆகிறது. கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை நிதானமாகச் சொல்லுங்கள், கேட்பவர்கள் அதை அழுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். அல்லது ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் குறிப்பைப் பாருங்கள். மூன்று விநாடி மௌனம் உங்களுக்கு முடிவில்லாததாகத் தோன்றும். எதிரே இருப்பவருக்கு அது, முன்பு கேட்டதை விழுங்கிக்கொள்ளக் கிடைத்த இடைவெளி.

உடலைப் பற்றிச் சில சின்னச் சின்ன விஷயங்கள். மெல்லிய முழுத் தாளைக் கையில் பிடித்துப் பேசாதீர்கள். விரல் நூலளவு நடுங்கினால் தாள் காற்றில் ஆடும் கொடியாகிவிடும், அதைப் பார்த்து நீங்கள் மேலும் நடுங்குவீர்கள். அஞ்சலட்டை அளவிலான தடித்த அட்டையில், பெரிய எழுத்தில், நாலைந்து சொற்கள் மட்டும் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். லேசர் சுட்டியையும் தவிர்த்துவிடுங்கள். திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி ஆடும் ஆட்டம், யாரும் கவனித்திராத நடுக்கத்தை அரங்கத்திற்கே அறிவித்துவிடும். நா வறள்வது உமிழ்நீர் சுரப்பு தற்காலிகமாகக் குறைவதால் வருவது. பக்கத்தில் தண்ணீர் இருந்தால் போதும். குரல் கம்முவதற்குப் பெரும்பாலும் காரணம், மூச்சை நெஞ்சின் மேற்பகுதியில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொண்டைத் தசைகளை இறுக்கிப் பேசுவது. உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது, நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து ஆறு எண்ணும் நேரம் வெளிவிடுங்கள். சில நிமிடம் போதும். ‘அமைதியாக இரு, அமைதியாக இரு’ என்று உடலுக்கு உத்தரவிடுவதால் பயன் குறைவு. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேசுவதற்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட உடலை நிறுத்துவதைவிட, அந்த வேகத்திற்கு வேறு பெயர் கொடுப்பது எளிது என்பதுதான் இதன் விளக்கம். மந்திரம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லிப் பார்ப்பதில் நட்டமில்லை.

உங்கள் நடுக்கம் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற கவலை உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. அவ்வளவு தெரியாது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே அப்பட்டமாகத் தெரிவதாக நாம் மிகையாக நினைத்துக்கொள்கிறோம். உளவியலில் இதற்கு ‘ஒளிவுமறைவின்மை மயக்கம்’ என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் மாணவர்கள் சிலருக்கு இந்த உண்மையை மட்டும் விளக்கிச் சொன்னார்கள். வேறு பயிற்சி எதுவும் இல்லை. விளக்கம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசியதாக அவர்களும் உணர்ந்தார்கள், கேட்டவர்களும் மதிப்பிட்டார்கள்.

நான் சொன்னால் நம்ப வேண்டியதில்லை, நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கைப்பேசியை எதிரே நிறுத்தி, மூன்று கேள்விகளில் ஒன்றுக்கான விடையை நின்றுகொண்டே பேசிக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். உடனே பார்க்காதீர்கள். முதலில் ஒரு தாளில், அதில் என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதைத் துல்லியமாக எழுதுங்கள்: கை எத்தனை முறை நடுங்கும், குரல் எந்த இடத்தில் உடையும், முகம் சிவந்திருக்குமா. பிறகு, முன்பின் அறியாத ஒரு பெண் பேசுவதைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு பார்த்து, எழுதியதோடு ஒப்பிடுங்கள். மேடை அச்சத்திற்கான சிகிச்சையில் நாங்கள் இதைத்தான் செய்கிறோம். பெரும்பாலோர் தாங்கள் எழுதியதில் பாதியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் வியப்பதைப் பார்த்திருக்கிறேன். குரல் மட்டும் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நம் குரலை நாம் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்டுப் பழகியிருப்பதால் அது கனமாக ஒலிக்கும்; பதிவில் அந்தப் பங்கு இல்லாததால் அந்நியமாகத் தோன்றும். மற்றவர்கள் 18 ஆண்டுகளாகக் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான்.

மாத்திரையைப் பற்றி. நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் புரோப்ரனலால் என்னும் பீட்டா தடுப்பு மருந்தாக இருக்க வேண்டும். அது இதயத்திலும் தசைகளிலும் அட்ரினலினின் வேலையைத் தடுப்பதால் படபடப்பும் கைநடுக்கமும் குறையும். மனத்தில் ஓடும் எண்ணங்களை அது நேரடியாகத் தொடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. நாடித் துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. நான் மருந்து எழுதித் தரும் மருத்துவன் அல்லன்; ஆகவே வேண்டுமா என்பதை உங்கள் உடல்நிலை அறிந்த மருத்துவரிடம் கேளுங்கள், தெரிந்தவர் கொடுத்ததை வாங்கிப் போடாதீர்கள், எந்த மருந்தையும் பேசும் நாளன்று முதல்முறையாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் வகையைச் சேர்ந்த அமைதி மாத்திரைகள் நினைவையும் மந்தப்படுத்தும் என்பதால் பேச்சுக்கு அவை சற்றும் பொருந்தா. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், முதல் முறை மாத்திரை இல்லாமல் செய்து பாருங்கள் என்பேன். இல்லையெனில் நன்றாகப் பேசியதற்கான பெருமை முழுவதும் மாத்திரைக்குப் போய்விடும். கூட்டத்தில் ஒரு சொல் பேசுவது, தெரியாதவரிடம் தொலைபேசியில் பேசுவது, பலர் பார்க்கச் சாப்பிடுவது போன்றவற்றிலும் இதே அச்சம் ஆறு மாதத்திற்கு மேலாக இருந்து வாழ்க்கையைக் குறுக்கிக்கொண்டிருந்தால், அது சிகிச்சை பெற வேண்டிய நிலை. ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி மன்றங்களில் சேரலாமா என்றும் அடுத்து உங்களுக்குத் தோன்றலாம். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற அமைப்புகளில் வயது வந்தவர்கள்தான் உறுப்பினர்கள். ஒருவர் பேசும்போது எத்தனை முறை ‘ஆ’, ‘ம்ம்’ என்று இழுத்தார் என்று எண்ணிச் சொல்லவே ஒருவரை அமர்த்துவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறு வாரத்தில் உங்கள் முறை அங்கே ஓரிரு தடவைகளுக்கு மேல் வராது. ஆகவே அதை இந்தப் பேச்சு முடிந்த பிறகு, விருப்பம் இருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்கள் அலுவலகமே போதும். அங்கே நடக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பத்து நிமிடத்திற்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட வாய் கட்டிக்கொள்ளும். மூன்றாவது வாரம், நம்பிக்கைக்குரிய இரண்டு பேரை உட்கார வைத்து முழுப் பேச்சையும் நின்று பேசிக் காட்டுங்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள், ‘நன்றாக இருந்தது’ என்ற மரியாதைதான் பதிலாக வரும். ‘எந்த இடம் புரியவில்லை’ என்று கேளுங்கள். ஐந்தாவது வாரம் அந்த அரங்கம் காலியாக இருக்கும் நேரத்தில் போய், மேடையில் நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள். சென்ற ஆண்டு உங்களுக்குப் பதிலாகப் பேசியவர் இப்போது உங்கள் பிரிவில் இருந்தால், ஒத்திகைக்கு உட்காரச் சொல்லும் இருவரில் ஒருவராக அவரையே அழைக்கலாம்; அந்த மேடையில் அந்த அறிக்கையைப் பேசிய அனுபவம் அவருக்குத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உங்கள் மனம் ஒப்பினால் மட்டுமே.

தொடக்கம் அடுத்த வாரமே இருக்கிறது. புதியவர்கள் வந்ததும் வழக்கம்போல விலைப்புள்ளிகளை மேசைமேல் பரப்பிக்கொள்ளுங்கள்; கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யப்போவதை அவர்களிடம் சொல்லிவிட்டு, அதை ஓரமாக வையுங்கள். பாதி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு எழுந்து நின்று, மீதியை நின்றபடியே சொல்லி முடியுங்கள். மாலையில் பதிவைக் கேட்டு, எந்த நிமிடத்தில் எழுந்து நின்றீர்கள் என்பதை உங்கள் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். என்ன கேட்டது என்பதை எனக்கு எழுதுங்கள்.